தம்பானூர் சுருள் கட்டடத்தில் காலைச் சாப்பாடு: இந்தியன் காபி ஹவுஸ் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

திருவனந்தபுரம் சென்ட்ரல் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே கே.எஸ்.ஆர்.டி.சி பேருந்து நிலையம். அதை ஒட்டியே செங்கல் நிறத்தில் ஒரு வட்டக் கட்டடம் சுருண்டு மேலே ஏறுகிறது. சுவர் முழுக்கச் சின்னச் சின்னச் சதுரத் துளைகள். அந்தத் துளைகளின் வரிசையும் சாய்வாகவே ஏறுகிறது. முதன்முதலாகப் பார்ப்பவர்கள் ஏதோ பழைய காவல் கோபுரம் என்று நினைப்பார்கள். உள்ளே இருந்து வரும் காபி வாசனைதான் விஷயத்தைச் சொல்லும். தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ். மாவேலி கஃபே என்றும் இதற்குப் பெயர் உண்டு. கட்டடத்தை வடிவமைத்தவர் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர்.

நாகர்கோவில் பக்கத்து ஆட்களுக்கு இது வெளியூர்க் கடை இல்லை. 1956 நவம்பர் 1 வரை எங்கள் ஊர்களுக்கும் திருவனந்தபுரம்தான் தலைநகரம். மாநிலம் மாறிய பிறகும் பெரிய வியாதி என்றால் வண்டி இந்தப் பக்கம்தான் திரும்புகிறது. மெடிக்கல் காலேஜ், புற்றுநோய்க்கு ஆர்.சி.சி, இதயத்துக்கும் மூளைக்கும் ஸ்ரீ சித்திரா என்று மூன்று ஆஸ்பத்திரிகளின் பெயர்கள் குமரி மாவட்டத்தில் எல்லா வீட்டிலும் தெரியும். காலை ரயிலில் வந்து இறங்கி, ஆஸ்பத்திரி சீட்டு எடுக்கப் போவதற்கு முன் வயிற்றுக்கு ஏதாவது போட வேண்டும். அப்போது கால் தானாகவே நடந்து போகும் இடம் இது.

இங்கே சாப்பாடு பிரமாதம் என்று பொதுவாக யாரும் சொல்வதில்லை. தோசை சுமார்தான் என்பார்கள். மசாலா இனிக்கிறது என்பார்கள். ஆனாலும் அடுத்த முறையும் அங்கேதான் போவார்கள். அதே தெருவில் இதைவிட நல்ல தோசை கிடைக்கும் என்று தெரிந்தும் போவார்கள். ருசியை மட்டும் வைத்து ஓட்டலை எடைபோட்டால் இது விளங்காது. இந்தக் கடையில் மேசைக்கு வந்து சேரும் ஒவ்வொன்றையும், அதாவது தட்டை, விலையை, பரிமாறுபவரின் நடையை, உட்கார்ந்திருக்கும் பெஞ்சைத் தொட்டுப் பார்த்து, அது ஏன் அப்படி இருக்கிறது என்று பின்னால் போய்த் தேடினால்தான் விடை கிடைக்கிறது. என் தீர்ப்பை இப்போதே சொல்லிவிடுகிறேன். இங்கே நமக்குக் கிடைக்கும் நிம்மதிக்கு இரண்டு காரணங்கள். கடை யாருடையது என்பது ஒன்று, அது எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்பது இன்னொன்று. சமையல் மூன்றாவதாகத்தான் வருகிறது.

மேசையில் நடப்பது

உள்ளே நுழைந்ததும் தரை சாய்கிறது. படி எதுவும் கிடையாது. நடுவில் ஒரு வட்டத் தண்டு, அதைச் சுற்றி ஏறிக்கொண்டே போகும் சாய்தளம், சாய்தளத்தின் வெளிப்பக்கம் சுவரை ஒட்டி மேசைகள். மேசையும் பெஞ்சும் கட்டடத்தோடு சேர்த்துக் கட்டியவை, நகர்த்த முடியாது. தரை சாய்ந்திருந்தாலும் மேசை மட்டமாகவே இருக்கிறது, காபி சிந்துவதில்லை. எதிரெதிராக இரண்டு பெஞ்சுகள், நெருக்கி உட்கார்ந்தால் நான்கு பேர். தனியாக வந்தவர் எதிரே இன்னொரு தனியாள் வந்து உட்காருவதற்கு அனுமதி கேட்பதில்லை, ஒரு தலையாட்டல் போதும்.

உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் வெள்ளை உடுப்பில் ஒருவர் வருவார். தலையில் விசிறி மடிப்பு வைத்த தலைப்பாகை, இடுப்பில் அகலப் பட்டை. பட்டையின் நிறம் ஆளின் பொறுப்பைக் காட்டும். வெள்ளைக்காரன் காலத்துப் பணியாள் உடுப்பு அது. முன்பு இந்தக் கடைகளை நடத்திய அரசின் காபி வாரியத்தின் காலத்தில் போட்டதை இவர்கள் இன்னும் விடவில்லை. நம் ஊர் ஆட்கள் 'சேட்டா, ஒரு மசாலதோசை, ஒரு செட் கட்லெட்' என்று சொன்னால் போதும். தமிழில் கேட்டாலும் தமிழிலேயே பதில் வரும், கொஞ்சம் மலையாள நெடியோடு.

மசால் தோசை மடித்து வரும். பிரித்தால் உள்ளே சிவப்பு. உருளைக்கிழங்கோடு பீட்ரூட்டும் கேரட்டும் சேர்த்து மசித்தது. மஞ்சள் நிற மசாலாவுக்குப் பழகிய நம் ஆட்கள் முதல் வாயில் முகம் சுளிப்பார்கள். பீட்ரூட்டின் இனிப்பு முதலில் நாக்கில் படும், மிளகும் இஞ்சியும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். தோசையும் நம் ஊர் நெய் ரோஸ்ட் மாதிரி மொறுமொறுப்பாக இருக்காது. சாம்பாரும் சட்னியும் துணைக்கு வரும், அவை வேலையை ஒழுங்காகச் செய்யும், அவ்வளவுதான்.

கட்லெட் வேறு கதை. அதைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. வேகவைத்த பீட்ரூட் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் காய். வேகவைத்து மசித்த கையோடு உருட்டினால் எண்ணெயில் போட்டதும் விரிந்துவிடும். அதனால் மசித்த காயை வெறும் சட்டியில் ஈரம் போகும்வரை புரட்ட வேண்டும். அந்தப் பொறுமை இருந்தால்தான் உருளைக்கிழங்கு அதைக் கட்டிப்பிடிக்கும். ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்த அந்தக் கட்லெட்டை முள்கரண்டியால் உடைத்தால் மேல் ஓடு சத்தத்தோடு விரிகிறது, உள்ளே கருஞ்சிவப்பு, ஒரு சொட்டுக்கூடத் தண்ணீர் கசியாது. கூடவே நறுக்கிய பச்சை வெங்காயமும் தக்காளி சாஸும். மட்டன் கட்லெட்டும் உண்டு. ஆனால் இந்தக் கடையின் கையெழுத்து காய்கறிக் கட்லெட்டில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

அப்புறம் காபி. டம்ளரும் டபராவும் கிடையாது. தடித்த வெள்ளைப் பீங்கான் கோப்பை, அடியில் சாசர். பாலும் காபியும் கலந்துதான் வரும். கும்பகோணம் டிகிரி காபி எதிர்பார்த்துப் போகக்கூடாது. டிகாக்‌ஷனின் கெட்டித்தன்மை குறைவு, ஆனால் காபியின் கசப்பு ஒளிவுமறைவில்லாமல் தெரியும். சர்க்கரையால் அதை மூடும் பழக்கம் இங்கே இல்லை.

இனி, அந்த மேசையில் என்ன நடக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். காபி முடிந்த பிறகு 'வேற என்ன வேணும்' என்று யாரும் வந்து நிற்பதில்லை. காலிக் கோப்பையைப் பறிப்பதில்லை. பில்லை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே காத்து நிற்பதில்லை. ஒரு காபியோடு பேப்பரை முழுக்கப் படித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அடுத்த மேசையில் குடும்பத்தோடு முழுச் சாப்பாடு சாப்பிடுபவர்களுக்கும் அவருக்கும் ஒரே மரியாதை. டிப்ஸ் வைப்பவர்கள் வைக்கிறார்கள், வைக்காதவரிடம் முகம் மாறுவதில்லை. ஒருமுறை எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்கும் மனைவிக்காக ஃபிளாஸ்க்கை நீட்டிக் காபி கேட்டார். பரிமாறுபவர் அதை வாங்கிக்கொண்டு போய், முதலில் வெந்நீர் ஊற்றி அலசிக் கொட்டிவிட்டு, பிறகு காபியை ஊற்றி, மூடியை இறுக்கித் துடைத்துக் கொண்டுவந்தார். வெந்நீரில் அலசினால்தான் காபி சூடு தாங்கும். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவரிடம் கேட்கவில்லை.

கடை யாருடையது

இந்தக் கடைகளின் கதை காபி விற்காமல் கிடந்ததிலிருந்து தொடங்குகிறது. 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் காபி விலை விழுந்தது. 1935ல் காபி செஸ் சட்டம் வந்தது. அந்த வரிப் பணத்தை வைத்து உள்நாட்டிலேயே காபி குடிப்பவர்களைப் பெருக்கலாம் என்று காபி செஸ் குழு முடிவு செய்தது. 1936ல் பம்பாய் சர்ச்கேட்டில் முதல் காபி ஹவுஸ் திறந்தது. இரண்டாம் உலகப்போர் வந்து ஐரோப்பியச் சந்தை அடைபட்டதும் தேவை இன்னும் கூடியது, காபி வாரியம் உருவானது. 1940களில் நாடு முழுக்க ஐம்பதை ஒட்டிய எண்ணிக்கையில் காபி ஹவுஸ்கள் இருந்தன. லாபத்துக்காகத் தொடங்கிய கடைகள் இல்லை இவை. காபியை மக்களுக்குப் பழக்கப்படுத்துவதற்காக வைத்தவை. ஒரு கோப்பையோடு நெடுநேரம் உட்கார விடுவது அன்றைக்கே இருந்த வழக்கம்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1950களின் நடுவில் வாரியத்தின் கொள்கை மாறியது. கடைகளை மூடிவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். அதில் வேலை பார்த்தவர்கள் தெருவுக்கு வரும் நிலைமை. அப்போதுதான் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் குறுக்கே வருகிறார். நாம் ஏ.கே.ஜி என்று சொல்லும் அதே ஆள். வேலை போகிறது என்று நஷ்டஈடு கேட்டு நிற்க வேண்டாம், கடையையே நீங்கள் எடுத்து நடத்துங்கள் என்பது அவர் காட்டிய வழி. தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தார்கள். 1957 ஆகஸ்ட் 19 அன்று பெங்களூரில் சங்கம் தொடங்கியது, அதே ஆண்டு டெல்லியிலும். கேரளத்தின் முதல் கடை திருச்சூரில், 1958 மார்ச் 8 அன்று. திறந்து வைத்தவர் ஏ.கே.ஜி. கேரளத்தில் இந்த வேலையை முன்னின்று செய்தவர்களில் நடக்கல் பரமேஸ்வரன் பிள்ளை முக்கியமானவர், காபி வாரியத்தில் வேலை பார்த்த தொழிலாளி அவர். அப்போது கேரளத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவை நடந்துகொண்டிருந்தது. காற்று சாதகமாக இருந்தது உண்மைதான். ஆனால் அடுப்பைப் பற்றவைத்தது தொழிலாளர்கள்தான்.

இன்று நாடு முழுக்க 13 சங்கங்கள் இந்தக் கடைகளை நடத்துகின்றன. கேரளத்தில் இரண்டு, ஒன்று திருச்சூரை மையமாகக் கொண்டது, மற்றது கண்ணூரை. தம்பானூர் கடை திருச்சூர்ச் சங்கத்தின் கீழ் வருகிறது. சங்கத்தின் உறுப்பினர்கள் அதில் வேலை செய்பவர்கள். நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பதும் அவர்களே. கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் மேலிருந்து இறங்கிய மேனேஜர் அல்ல. அடிமட்ட வேலையில் சேர்ந்து, தட்டு கழுவி, மேசை துடைத்து, பரிமாறி, படிப்படியாக அங்கே வந்தவர்.

இதை மேசைப் பக்கமிருந்து பாருங்கள். ஒரு சாதாரண ஓட்டலில் நம்மை எழுப்புவது யார்? கல்லாவில் இருக்கும் முதலாளியின் கண். மேசை காலியானால்தான் அடுத்த வியாபாரம், அந்தக் கணக்கு அவர் கண்ணில் தெரியும், பரிமாறும் பையன் அதைப் படித்துவிட்டு நம் தலைமேல் வந்து நிற்பான். அவனைக் குறை சொல்ல முடியாது, அவனுக்கு அன்றைய பேட்டா முக்கியம். இங்கே அந்தக் கண் இல்லை. கூட்டம் அதிகமானால் பரிமாறுபவருக்கு வேலைதான் கூடுகிறது. வருமானம் கூடினால் அது எல்லோருக்கும் சொந்தமான சங்கத்துக்குத்தான் போகிறது. ஒரு மேசையை அவசரமாகக் காலி செய்வதில் அவருக்குத் தனி ஆதாயம் எதுவும் இல்லை. அதனால் அவர் அவசரப்படுத்துவதில்லை. இது நல்ல குணம் மட்டுமல்ல, ஏற்பாட்டிலேயே இருக்கிறது.

விலை குறைவாக இருப்பதற்கும் இதுதான் வேர். இலாபத்தைத் தனியாக எடுத்துக்கொண்டு போக வெளியாள் இல்லை. சங்கம் மொத்தமாகப் பொருள் வாங்குகிறது. பட்டியலில் அயிட்டங்களும் குறைவு, ஆண்டுக்கணக்கில் மாறாதவை. அதே பீட்ரூட், அதே உருளை, அதே முட்டை. வீணாவது குறையும். ருசி கிளைக்குக் கிளை ஒரே மாதிரி இருப்பதற்கும் ஆட்கள்தான் காரணம். பரிமாறுபவருக்கும் சமையல்காரருக்கும் கிளை விட்டுக் கிளை மாற்றல் உண்டு. அவர்கள் போகும்போது கைப்பக்குவமும் கூடவே போகிறது.

பேக்கர் கட்டிய கூடு

லாரி பேக்கர் 1917ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். தொழுநோயாளிகளுக்கான பணிக்காக 1945ல் இந்தியா வந்து தங்கிவிட்டார். ஒரு வீட்டைக் கட்ட அதைச் சுற்றி ஐந்து மைல் வட்டத்துக்குள் கிடைக்கும் பொருள்களே போதும் என்று காந்தி சொன்னதைத் தன் வழிகாட்டி என்று பல இடங்களில் குறிப்பிட்டிருக்கிறார். இமயமலைப் பக்கம் பல ஆண்டுகள், பிறகு திருவனந்தபுரம். உள்ளூரிலுள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகம் அவருடைய வேலைகளில் புகழ் பெற்றது. 1990ல் பத்மஸ்ரீ. 2007 ஏப்ரல் 1 அன்று இங்கேயே காலமானார். பூசாத செங்கல், காற்றும் வெளிச்சமும் வடிந்து வரும், துளை விட்டுக் கட்டிய ஜாலிச் சுவர், வீண் செலவு இல்லாத அமைப்பு, இவை மூன்றும் அவருடைய அடையாளம்.

தம்பானூரில் அவருக்குக் கிடைத்தது பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடம். சதுரமாகக் கட்டினால் கீழே கொஞ்சம் மேசை, மாடிப்படிக்குக் கொஞ்சம் இடம், மாடியில் கொஞ்சம் மேசை என்று இடம் துண்டு துண்டாகப் போயிருக்கும். அவர் தரையையே சுருட்டி மேலே ஏற்றிவிட்டார். நத்தை ஓட்டுக்குள் போவது மாதிரி நடந்துகொண்டே போக, வழி முழுக்க மேசைகள்தான். நடக்கும் பாதையும் சாப்பிடும் இடமும் ஒன்றே. மாடிப்படிக்கென்று தனியாக இடம் வீணாகவில்லை.

இந்த அமைப்பு சாப்பிடுபவருக்கு என்ன செய்கிறது என்பதுதான் நமக்கு முக்கியம். வளைந்த இடத்தில் உட்கார்ந்தால் முன்னால் சில மேசைகளும் பின்னால் சில மேசைகளும் மட்டுமே தெரியும். இத்தனை பேர் அமரும் கடையில் கூட்டத்தின் நடுவே இருக்கிறோம் என்ற உணர்வே வராது. கல்லாவும் கண்ணுக்குத் தெரியாது. வாசலில் இடத்துக்காக நிற்பவர்களும் தெரிய மாட்டார்கள், அவர்களுக்கு நாமும் தெரிய மாட்டோம். நாற்காலி இழுக்கும் சத்தம் கிடையாது, இழுக்க நாற்காலியே இல்லையே. ஜாலித் துளை வழியாகப் பேருந்து நிலையத்தின் இரைச்சல் வரும், ஆனால் சன்னமாக வரும். காற்றும் அந்த வழியே வரும். வெயில் துண்டு துண்டாக மேசையில் விழும். திருவனந்தபுரத்தின் புழுக்கத்தில் ஏசி இல்லாமல் உட்கார முடிகிற கடை என்றால் அது அந்தத் துளைகளின் புண்ணியம்.

இரண்டில் எது?

இங்கே ஒரு கேள்வி எழும். நிதானத்துக்குக் காரணம் கூட்டுறவா, கட்டடமா? தம்பானூர் கடையை மட்டும் பார்த்தால் பிரித்துச் சொல்ல முடியாது. அதே ஊரில் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் உள்ள காபி ஹவுஸுக்குப் போனால் கொஞ்சம் தெளிவாகிறது. அது சாதாரணக் கட்டடம். நேரான சுவர்கள், நேரான மேசை வரிசை, நோயாளிகளின் உறவினர்கள் வந்து வந்து போகும் இடம். சிவப்பு மசாலா அதே மசாலா. கட்லெட் அதே கட்லெட். விலையும் ஒன்றே. பரிமாறுபவர் விரட்டுவதும் இல்லை. ஆனால் அங்கே நாமாகவே எழுந்துவிடுகிறோம். எதிரே கையில் ஸ்கேன் கவரோடு நிற்பவர் நம் கண்ணில் படுகிறார். பாதி காபியில் மனசு பொறுக்காது.

ஆக, விலையும் ருசியும் பரிமாறுபவரின் நடத்தையும் கூட்டுறவிலிருந்து வருகின்றன. உட்கார்ந்தே இருக்கலாம் என்ற துணிச்சலைக் கட்டடம் தருகிறது. இரண்டும் ஒன்றுசேர்ந்த இடம் தம்பானூர்.

கட்டடம் கையில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மற்ற ஊர்களில் கதை இருக்கிறது. டெல்லி கன்னாட் பிளேஸில் எழுத்தாளர்களும் அரசியல்காரர்களும் கூடிய காபி ஹவுஸ் நெருக்கடி நிலைக் காலத்தில் இடிக்கப்பட்டது. பிறகு மோகன்சிங் பிளேஸ் மாடிக்குப் போனது. பெங்களூர் எம்.ஜி. ரோடு கடை இட உரிமையாளரோடு நடந்த வழக்கில் தோற்று 2009ல் காலி செய்து சர்ச் தெருவுக்குப் போனது. பரிமாறுபவர்கள் அதே ஆட்கள், உடுப்பு அதே உடுப்பு, காபியும் அதே காபி. ஆனால் எம்.ஜி. ரோடு கடையில் உட்கார்ந்து பழகியவர்கள் இன்னும் அந்தப் பழைய ஜன்னலைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கொல்கத்தா காலேஜ் ஸ்ட்ரீட் கடை தப்பித்ததற்குக் காரணம் அது மூடப்பட்டபோது பக்கத்துக் கல்லூரிகளின் பேராசிரியர்கள் மனு போட்டுத் திறக்க வைத்தது. வாடிக்கையாளர்கள் போராடிக் காப்பாற்றிய ஓட்டல்கள் நம் நாட்டில் எத்தனை இருக்கும்?

பாரம் யார் தலையில்

குறைகளைச் சொல்லாமல் விட்டால் ஆய்வு முழுமையாகாது. சின்னவை சில. ஆறு பேர் சேர்ந்து போனால் ஒரே மேசை கிடைக்காது, பெஞ்சு நகராது, பிரிந்துதான் உட்கார வேண்டும். காலை நெரிசலில் ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் நேரம் ரயிலைப் பிடிக்க வேண்டியவருக்குக் கையைப் பிசைய வைக்கும். மசாலாவின் இனிப்பு பற்றி ஏற்கனவே சொன்னேன். சட்னியைக் கொஞ்சம் கவனித்தால் நல்லது.

பெரிய குறை இரண்டு. ஒன்று, அந்தச் சாய்தளம். படி இல்லை என்பதால் முதியவர்களுக்கு வசதி என்று தோன்றும். ஆனால் ஏற்றம் செங்குத்தாகத்தான் இருக்கிறது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவது கடினம். சக்கர நாற்காலியை அந்த வளைவில் ஒருவர் தனியாகத் தள்ள முடியாது. ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளிகள் இவ்வளவு பேர் சாப்பிடும் கடையில் இது சின்ன விஷயம் இல்லை. கீழ் வட்ட மேசைகள் முதலில் நிறைந்துவிடுகின்றன, வயசானவர்கள் வரும்போது மேலேதான் இடம் இருக்கும்.

இரண்டாவது குறை என்னை அதிகம் உறுத்துகிறது. சமையலறை கீழே. சாப்பிடுபவர்கள் மேலே வரை. நாம் ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்குகிறோம். பரிமாறுபவர் ஒவ்வொரு மேசைக்கும் தண்ணீர், தட்டு, காபி, பில் என்று தனித்தனியாக ஏறி இறங்குகிறார். கையில் தட்டுகளைச் சாயாமல் பிடித்துக்கொண்டு, வளைவில், எதிரே வரும் வாடிக்கையாளர்களுக்கு வழி விட்டுக்கொண்டு, நாள் முழுக்க. உச்சியில் உட்கார்ந்தால் காற்று நன்றாக இருக்கும், கூட்டமும் குறைவு. ஆனால் அங்கே வரும் காபி கொஞ்சம் ஆறித்தான் வரும். அந்தச் சூடு எங்கே போனது என்றால் அவர் கால் நடந்த தூரத்தில் போனது. தலைப்பாகைக்குக் கீழே நெற்றியில் வியர்வை வழிய, கோப்பையைச் சிந்தாமல் வைத்துவிட்டுத் திரும்பி இறங்கும் ஐம்பது வயதுக்காரரைப் பார்த்தால் இன்னொரு டம்ளர் தண்ணீர் கேட்கத் தோன்றாது.

பேக்கரின் கட்டடங்களை நேசிப்பவன் நான். இருந்தாலும் இதைச் சொல்லியாக வேண்டும். சாப்பிடுபவரின் சுகத்தை இவ்வளவு யோசித்த வடிவம் பரிமாறுபவரின் முழங்காலை அந்த அளவுக்கு யோசிக்கவில்லை. கட்டடக்கலை மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து ஜாலியையும் வளைவையும் படம் எடுக்கிறார்கள். ஒருவராவது ஒரு பரிமாறுபவரின் பின்னால் அரைநாள் நடந்து பார்த்துக் குறித்தால் நன்றாக இருக்கும்.

தீர்வு இல்லாத விஷயமும் இல்லை இது. கீழ் வட்டத்தில் சில மேசைகளை நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் என்று ஒதுக்க ஒரு பலகை போதும், செலவே இல்லை. ஒவ்வொரு வட்டத்திலும் குடிதண்ணீரும் டம்ளரும் ஒரு மேடையில் வைத்தால் ஏற்றத்தில் கணிசமான நடை குறையும். நடுத்தண்டின் வழியாகத் தட்டு மட்டும் ஏற்றி இறக்கும் சின்ன லிஃப்ட் ஒன்று பொருத்தலாமா என்று பொறியாளர்களை வைத்துப் பார்க்க வேண்டும். பேக்கரின் வழியிலேயே கட்டி வரும் காஸ்ட்ஃபோர்டு நிறுவனம் 1985 முதல் கேரளத்தில் இருக்கிறது. கட்டடத்தின் முகம் கெடாமல் இதைச் செய்யத் தெரிந்தவர்கள் அவர்கள். இதற்கு எந்த முதலாளியின் மனமும் இளக வேண்டியதில்லை. சங்கத்தின் பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவந்தால் கை தூக்கப்போவது அந்தச் சாய்தளத்தில் தட்டு சுமந்து ஏறுகிறவர்களேதான்.